பழைய வின்செஸ்டர் .22 ரைஃபிள்: அடையாளம் காண்பதும் மதிப்புப் போடுவதும்

அமெரிக்காவில் முயல், அணில் வேட்டைக்குப் பெயர் போன .22 ரைஃபிள் (குழல் உள்விட்டம் சுமார் 0.22 அங்குலம்), வின்செஸ்டர் நிறுவனத்தின் 1890 மாடல். ஜான் பிரௌனிங்கும் அவர் தம்பி மேத்யூவும் வடிவமைத்தது. 1932 வரை ஏறத்தாழ 8.5 லட்சம் துப்பாக்கிகள் வெளிவந்தன. இவ்வளவு இருப்பதால் பழசு என்பதற்காக மட்டும் யாரும் அள்ளிக் கொடுக்க மாட்டார்கள். தொழிற்சாலையில் போட்ட பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில்தான் விலையே நிற்கிறது. அதனால், குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல இதைத் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

1. உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள்

குழலின் வாயை ஆளில்லாத திசையில் வைத்து, விசையில் விரல் படாமல், தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் திறந்து உள்ளே பாருங்கள். குழலுக்குக் கீழே, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் குழாயின் உள்குழலையும் உருவிப் பாருங்கள். பல வருடம் மூலையில் கிடந்த துப்பாக்கியில் ஒரு தோட்டா அங்கேயே சிக்கியிருக்கலாம். திறக்கத் தெரியவில்லை என்றால், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து விடுங்கள்.

2. எந்த மாடல்?

முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் பம்ப் வகை இது. வின்செஸ்டரின் பம்ப் .22-கள் ஒன்றுபோலவே தெரியும். குழலை வைத்துப் பிரிக்கலாம். எட்டுப்பட்டை, 24 அங்குலம் என்றால் 1890. உருண்டை, 20 அங்குலம் என்றால் 1906. உருண்டை, 23 அங்குலம் என்றால் 1932-இல் வந்த மாடல் 62. விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் சுத்தியல் வெளியே தெரியவில்லையா? அது மாடல் 61.

குழல் நீளத்தை அளக்க, போல்ட்டை மூடி, வாய் வழியாக ஒரு குச்சியை முட்டும்வரை விட்டு, வாயருகே அடையாளம் போட்டு எடுத்து அளக்க வேண்டும். நீளம் குறைவாக வந்தால் யாரோ அறுத்திருக்கிறார்கள்.

3. எந்தத் தோட்டா?

குழலின் மேல், ரிசீவரை (போல்ட் இயங்கும் நடு இரும்புப் பகுதி) ஒட்டிப் பொறித்திருக்கும். 1890 மாடலில் ஒரு துப்பாக்கிக்கு ஒரே வகைத் தோட்டாதான்: ஷார்ட், லாங், டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம் ஃபயர்), பிற்காலத்தில் லாங் ரைஃபிள். ஒன்றுக்குச் செய்ததில் இன்னொன்றைப் போடக் கூடாது. முக்கியமாக டபிள்யூ.ஆர்.எஃப். துப்பாக்கிகளைக் கவனியுங்கள். 1959-இல் .22 மேக்னம் தோட்டா வந்த பிறகு, அது நுழையும்படி சிலர் தோட்டா அறையைக் குடைந்து நீட்டியிருக்கிறார்கள். மேக்னத்தின் அழுத்தத்துக்காகச் செய்த இயக்கம் இல்லை இது. அப்படிக் குடைந்த துப்பாக்கியைச் சுடவும் கூடாது, நல்ல விலைக்கு வாங்கவும் கூடாது.

4. வயது

வரிசை எண் கீழ்ப்பக்கத்தில், விசைக் காப்புக்குப் பின்னால் உள்ள இரும்பு நாக்கில் இருக்கும். பிற்காலத் துப்பாக்கிகளில் ரிசீவரின் அடியிலும் இருக்கும். இடப்பக்கத் திருகைக் கழற்றினால் இவை இரண்டு பாதியாகப் பிரியும். அதனால் ஒன்றின் முன்பாதியும் இன்னொன்றின் பின்பாதியும் சேர்ந்து உலவுகின்றன. இரண்டு இடத்திலும் எண் இருந்தால் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தொடக்கத்தில் வந்தவை பிரிக்க முடியாதவை. அவற்றுக்குத் தனி மவுசு. 1901 வரை ரிசீவரில் நீலமும் பழுப்பும் மேகம்போல் கலந்த நிறம் இருந்தது, பிறகு வெறும் நீலப்பூச்சு. 1898-க்குள் செய்தது என்று நிறுவினால், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அது தொன்மைப் பொருள். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். வயோமிங் மாநிலம் கோடி நகரின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பழைய ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன. தொடக்க கால எண்களுக்குக் கட்டணம் கட்டிச் சான்றுக் கடிதம் வாங்கலாம்.

5. பூச்சு அசலா?

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். வெயிலில் கொண்டுபோய் நிதானமாகப் பாருங்கள்.

எட்டுப்பட்டைக் குழலின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா? பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா? திருகு ஓட்டையைச் சுற்றிக் குழிந்திருக்கிறதா? மழுங்கலும் குழிவும் இருந்தால் யாரோ தேய்த்து மறுபூச்சுப் போட்டிருக்கிறார்கள். குழிக்குழியான துருவுக்கு மேல் பளபளக்கும் நீலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் மரம். ஆலையில் பொருத்தியபோது மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கும். இரும்பைவிடத் தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. கழுத்துப் பகுதியில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிடித்துப் பிடித்து வெளுத்த அசல் பூச்சு, புதிதாகப் போட்ட பளபளப்பைவிட உயர்ந்தது. சேகரிப்பாளர்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

6. குழலின் உள்பக்கம்

போல்ட்டைத் திறந்து வெள்ளைத் தாளை வைத்து, வெளிச்சம் காட்டி, வாய் வழியாகப் பாருங்கள். 1920-களின் கடைசிவரை வந்த தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்தின் உப்பு உள்ளே தங்கி ஈரத்தை இழுத்து அரித்துவிடும். எனவே கருத்த, குழி விழுந்த குழல் சகஜம். குண்டைச் சுழற்றும் சுருள் வரிகள் தெளிவாக மின்னும் குழல் கிடைத்தால் விலை கூடும். இவற்றை வாய்ப்பக்கமிருந்துதான் துடைப்பார்கள் என்பதால், அங்கே வரிகள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

7. விலை

அசல் பூச்சு எத்தனை சதவீதம், குழலின் நிலை, தோட்டா வகை, மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே மாடலும் அதே நிலையும் உள்ளவை ஏலத்தில் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையை நம்ப வேண்டாம். அந்த விலைக்கு விற்காமல் வருடக்கணக்கில் கிடப்பவை நிறைய. நான்கைந்து ஏல விலைகளை எடுத்து, உங்களுடையதைவிடப் பூச்சு நன்றாக இருப்பவற்றைத் தள்ளிவிட்டு, மிச்சமிருப்பதில் நடுவிலையை எடுத்துக்கொள்ளுங்கள்.