தீக்கண்காணிப்புக் கோபுரத்துக்கு ஏறும் முன்

காட்டுத்தீயைத் தொலைவிலேயே கண்டுகொள்வதற்காக இக்கோபுரங்கள் மறைப்பேதும் இல்லாத உச்சிகளில் கட்டப்படுகின்றன. அதனால் அங்கே நிழலும் தண்ணீரும் பெரும்பாலும் கிடைப்பதில்லை, மின்னல் அபாயமும் அதிகம். பழைய காவல் குடில்களில், இடிமின்னலின்போது காவலர் ஏறி நிற்பதற்கென்றே கால்களில் மின்சாரம் கடத்தாத கண்ணாடி பொருத்திய சிறிய மர ஸ்டூல் ஒன்று இருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே விடியற்காலையிலேயே புறப்பட்டு, நண்பகலுக்குள் இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது. 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டால், 10 கிலோமீட்டர் நடந்து 900 மீட்டர் ஏற மூன்றரை மணி நேரம் ஆகும். இளைப்பாறும் நேரம் இதில் சேராது. உச்சியில் காற்று பலமாக வீசும் என்பதால் காற்றைத் தடுக்கும் மேலாடை அவசியம். கோபுரத்தில் காவலர் பணியில் இருந்தால், அனுமதி கேட்ட பிறகே படியேறுங்கள்.