லேமினேட்டரில் பிசிபி: முதலில் போர்டை மாற்றுங்கள்

லேசர் பிரின்டின் டோனரை (மைத்தூளை) சூட்டால் செம்புப் போர்டில் ஒட்டவைத்து வீட்டிலேயே பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்வது டோனர் முறை. அதற்காகத் தடித்த போர்டு நுழையவும் சூடு கூடவும் லேமினேட்டரைப் பிரித்து மாற்றும் முன், வழக்கமான 1.6 மிமீ போர்டுக்குப் பதில் 0.8 மிமீ செம்புப் போர்டு வாங்கிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பவுச் லேமினேட்டரின் உருளைகள் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்காக அமைந்தவை. 1.6 மிமீ போர்டை உள்ளே தள்ளினால் மோட்டார் திணறும், பிளாஸ்டிக் கியரின் பல் உடையவும் கூடும். தடித்த போர்டு சூட்டையும் நிறைய உறிஞ்சிக்கொள்வதால் டோனர் சரியாக உருகாது.

போர்டை ஸ்டீல் வுல்லால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். லேசர் பிரின்ட் எடுத்த பளபளப்புத் தாளை டோனர் பக்கம் செம்பில் படும்படி வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியை அரை நிமிடம் அழுத்துங்கள். சூடு ஆறுவதற்குள் லேமினேட்டரில் 8 முதல் 10 தடவை விடுங்கள். உருளை ஒரு கணம்தான் தொடுகிறது, ஒரு தடவை விட்டால் சூடு ஏறாது. பிறகு தண்ணீரில் ஊறவைத்து, தாளைப் பொறுமையாகத் தேய்த்து எடுங்கள். அவசரமாக உரித்தால் மெல்லிய டிராக்குகளும் (மின்பாதைக் கோடுகளும்) கூடவே வந்துவிடும்.

இங்க்ஜெட் பிரின்டுக்கு இது உதவாது; அதில் உருகுவதற்கு டோனரே இல்லை. கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஏறும் போர்டுக்கும் 0.8 மிமீ வேண்டாம், வளைந்து சோல்டர் விரிசல் விடும். இவ்வளவு செய்தும் சூடு போதாமல் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றப் போனால், அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸை மட்டும் ஷார்ட் செய்யாதீர்கள். தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.