கிராம சபைக்குக் குழுவை அழைத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது பெண்களோடு கிராம சபைக்குப் போய், ஒரு தீர்மானம்கூட இல்லாமல் திரும்பிய குழு ஒன்றை எனக்குத் தெரியும். அவர்களை அழைத்துப் போனது நான்தான். தெருவிளக்கு வேண்டும் என்று எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால், தீர்மானப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.

பேசியதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் தவறு. கிராம சபையில் எழுத்தில் இருப்பதுதான் நிற்கும். பல ஊர்களில் வருகைக்கென்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறியதும் கூட்டம் கலைகிறது, தீர்மானம் அப்புறம் எழுதப்படுகிறது. அதனால் குழுவில் இரண்டு பேராவது கடைசிவரை இருக்க வேண்டும். "எங்க கோரிக்கையை எழுதிட்டீங்களா, ஒருமுறை வாசிங்க" என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்க வேண்டும். பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பி வந்திருக்கும் அலுவலர் முன்னிலையில் கேட்டால் இன்னும் நல்லது. பிறகு நகல் கேட்டு மனு கொடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

கூட்டத்தன்று மட்டும் போவது அடுத்த தவறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை உண்டு. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் பேச்சு பெரும்பாலும் அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்கும். கோரிக்கை செப்டம்பரிலேயே எழுத்தாகத் தலைவர் கைக்குப் போய், கூட்டப் பொருளில் ஏற வேண்டும்.

அந்த எழுத்து எப்படி இருக்க வேண்டும்? "தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்கவும்" என்று எழுதினால் அதை வைத்து யாராலும் மதிப்பீடு போட முடியாது. எந்தத் தெரு, எத்தனை வீடு, இப்போது எத்தனை குழாய், தொட்டி வைக்கும் இடத்தின் சர்வே எண் என்ன என்று எழுதுங்கள். அந்த இடம் நத்தமா (குடியிருப்பு நிலமா), ஓடைப் புறம்போக்கா (ஓடைக்கான அரசு நிலமா) என்பதையும் முன்பே பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் வேலை பாதியில் நின்றுவிடும். பணம் எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. பட்டா, முதியோர் உதவித்தொகை போன்ற தனி மனுக்களை இதோடு கலக்காதீர்கள். அவற்றுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது.

நான் விடுவதற்கு அதிக நாள் எடுத்துக்கொண்ட தவறு, குழுவுக்காக நானே பேசியது. நமக்குச் சரளமாக வருகிறது என்று மைக்கைப் பிடித்தால், "வெளியாள் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார்கள்" என்ற ஒரே பேச்சில் கோரிக்கை அடிபட்டுப் போகும். முந்தின நாள் சாயங்காலம் குழுக் கூட்டத்திலேயே ஒரு அக்காவை இரண்டு நிமிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் கூடவே இன்னொருவர் எழுந்து நிற்கட்டும். முதல் தடவை குரல் நடுங்கும், பரவாயில்லை.

யார் வரவில்லை என்றும் பாருங்கள். காலனி மக்கள் வராத கூட்டம் ஊர்க்கூட்டம் ஆகாது. அவர்கள் வராததற்குப் பெரும்பாலும் கூட்டம் நடக்கும் இடமே காரணமாக இருக்கும். மதச்சார்புள்ள வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அரசின் அறிவுரையே இருக்கிறது. அடுத்த கூட்டத்தை அவர்கள் தெருவில் வைக்கச் சொல்லி இப்போதே மனு கொடுக்கலாம்.

நகரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று: 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நகரத்தில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். ஆட்சேபம் எழுத்தில்தான் போக வேண்டும். வரைபடத்தில் தங்கள் தெரு எங்கே இருக்கிறது என்று மக்கள் தேடிக் கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும். அறிவிப்பு வந்த வாரமே வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துத் தேநீர்க்கடை வாசலில் ஒட்டுங்கள்.