தூதரக ஆபீசருக்கு ஊர்ல பாராட்டு விழா வைக்கப் போறீங்களா? மொதல்ல இத படிச்சிருங்க

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மன்னார்குடி பக்கம் தெருவுக்கு நாலு பேராச்சும் வளைகுடாவுலயோ சிங்கப்பூர், மலேசியாவுலயோ இருக்காங்க. அங்க நம்ம புள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா ஓடி வந்து நின்ன அதிகாரி லீவுல ஊர்ப்பக்கம் வர்றாருன்னா கூப்ட்டு மரியாதை பண்ணணும்னு தோணுறது நியாயந்தான். ஆனா மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே கேட்ருங்க. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ல 14வது விதிப்படி முன் அனுமதி இல்லாம அவங்க பாராட்டு வாங்கவும் கூடாது, தனக்காக நடத்துற கூட்டத்துக்குப் போகவும் கூடாது. மாறுதல், ரிட்டயர்மென்ட் நேரத்துல நாலு பேரு சேர்ந்து வைக்கிற பிரிவு உபசாரம், பொது அமைப்புங்க பெருசா செலவில்லாம நடத்துற விருந்து, இந்த மாதிரிக்குத்தான் விலக்கு. ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வெளியுறவுப் பணி அதிகாரின்னா 1961 விதின்னு தனியா வேற இருக்கு. அதனால எது சரிப்படும்னு அவரே சொல்லட்டும், நாம ஆசைப்பட்டு பேனர் அடிச்சு அவர மாட்டி விட்ற கூடாது.

செலவ யாரு ஏத்துக்கறாங்கறதுதான் ரொம்ப முக்கியம். ஆள் அனுப்புற ஏஜென்ட் யாராச்சும் "சாப்பாடு நம்மளுது"ன்னு வருவாரு, கும்பிடு போட்டு அனுப்பிருங்க. அவர் அனுப்புன ஆளோட கம்ப்ளைன்டே நாளைக்கு இதே அதிகாரி டேபிளுக்குப் போகலாம், அப்ப மேடையில ஒண்ணா நின்ன போட்டோ நல்லாவா இருக்கும்? பரிசும் அப்படித்தான். தங்கம், பட்டுன்னு போகாதீங்க, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையும் ஒரு துண்டும் போதும்.

பேச்சுல "தன்னலமற்ற சேவை"ன்னு அடுக்குறத விட அவர் செஞ்ச வேலைய சொல்லுங்க, நம்ம ஜனங்களுக்கு அது பாதி தெரியாது. வளைகுடாவுல ஒருத்தர் தவறிட்டாருன்னா அந்த ஊரு இறப்பு சான்றிதழ், போலீஸ் கிளியரன்ஸ், குடும்பத்துக்கிட்டேர்ந்து பவர் ஆஃப் அட்டர்னி, தூதரகத்துல பாஸ்போர்ட் கேன்சல் பண்ணி என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்), உடம்பு கெடாம பதப்படுத்துனதுக்கான எம்பாமிங் சான்றிதழ், இவ்வளவும் சேர்ந்தாத்தான் உடம்பு பிளைட் ஏறி திருச்சிக்கு வரும். நடுவுல கம்பெனிக்காரன் காசு தர மாட்டேன்னு இழுத்தடிச்சா 2009-ல ஆரம்பிச்ச இந்திய சமூக நல நிதியிலேர்ந்து செலவுக்கு வழி பண்ணணும். இத அந்த வீட்டு ஆளே மைக்ல ரெண்டு நிமிஷம் சொன்னா போதும், எம்எல்ஏ பேச்செல்லாம் தேவையே இல்ல. ஆனா வீட்டு வேலைக்குப் போயி கஷ்டப்பட்டு தப்பிச்சு வந்த பொண்ணுங்க கதைய அவங்க சம்மதம் இல்லாம மேடையில இழுக்காதீங்க, பேர மாத்தி சொன்னாலும் ஊர்ல கண்டுபிடிச்சிருவாங்க. அங்க ஆஸ்பத்திரிக்கும் தூதரகத்துக்கும் நடையா நடந்த நம்மூரு சமூக சேவைக்காரங்களும் இருப்பாங்கல்ல, அவங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க.

விழா நடக்குதோ இல்லையோ லெட்டர் கண்டிப்பா எழுதுங்க, என்னைக் கேட்டா பொன்னாடைய விட அதுதான் அவருக்கு உதவும். அந்த நாட்டு இந்தியத் தூதருக்கு ஒண்ணு, டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு காப்பி. தேதி, வெளியுறவு அமைச்சகத்தோட 'மதத்' (MADAD) ஆன்லைன் புகார் போர்ட்டல்ல புகார் போட்ருந்தா அந்த நம்பர், அவர் என்ன செஞ்சாரு, எத்தன நாள்ல முடிஞ்சுது, அவ்வளவுதான், ஒரு பக்கம் தாண்ட வேணாம். இங்கிலீஷ்ல எழுதி கீழ குடும்பத்துக்காரங்க கையெழுத்து.

நாள் குறிக்கறப்ப சம்பா அறுவடைய பாத்துக்கங்க, அந்த நேரத்துல மண்டபத்துல ஆளே இருக்காது. அறுப்பு முடிஞ்சு மாசியில வச்சா கூட்டம் வரும். வாசல்ல ஒரு டேபிள் போட்டு கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன உக்கார வைங்க. புதுசா கிளம்புறவங்க ஏஜென்ட் பதிவு பண்ணவரான்னு வெளியுறவு அமைச்சகத்தோட இமைக்ரேட் (eMigrate) வெப்சைட்ல பாத்து சொல்லட்டும், ஈசிஆர் பாஸ்போர்ட்காரங்களுக்கு (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு கிளியரன்ஸ் வாங்க வேண்டியவங்க) பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் இருக்கறதையும் சொல்லட்டும், 10 லட்சம் கவர், ரெண்டு வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாதான்.