விரல் மூட்டு விலகிடுச்சா? இழுக்காதீங்க, முதல்ல பாருங்க

ரெண்டு மாசம் முன்னாடி கோத்தகிரி பக்கம் எஸ்டேட் கிரவுண்டுல வாலிபால் ஆடுறப்போ ஒரு தம்பிக்கு பந்து நேரா விரல் நுனியில பட்டு நடு மூட்டு மேல ஏறி நின்னுடுச்சு, பார்க்க படிக்கட்டு மாதிரி இருக்கு, சுத்தி நின்னவங்க எல்லாம் "சுளுக்குதான், ஒரு இழு இழுத்தா சரியாயிடும்"ங்கறாங்க.

சுளுக்குன்னா வீங்கும் வலிக்கும், ஆனா விரலோட வடிவம் மாறாது. விலகினா கோணலாகும், மடக்க வராது. எலும்பு முறிஞ்சாலும் இதே மாதிரி தெரியலாம், அதனால எக்ஸ்ரே இல்லாம யாரும் உருவி இழுக்க வேணாம்.

மோதிரம் இருந்தா உடனே சோப்பு போட்டு கழட்டிடுங்க, வீங்கினப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். அடுத்து விரல் நுனியில தொட்டா உணர்ச்சி தெரியுதான்னு பாருங்க, நகத்தை அமுக்கி விட்டா ரெண்டு செகண்டுல ரத்தம் திரும்பணும், நம்ம ஊர் குளிருல விரல் சும்மாவே வெளுத்திருக்குமே, அதனால மறு கையில அதே விரலோட ஒப்பிட்டுப் பாருங்க. மரத்துப் போயிருந்தாலோ தோல் கிழிஞ்சிருந்தாலோ ஒரு நிமிஷம்கூட தாமதிக்காதீங்க. மத்தபடி கோணலா இருக்கிற நிலையிலேயே அட்டை வச்சு கட்டி, கையை உயர்த்தி வச்சு, துணியில சுத்துன ஐஸ் வச்சுட்டு கிளம்புங்க.

ஆஸ்பத்திரியில நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணுன்னு எக்ஸ்ரே எடுப்பாங்க, பக்கவாட்டு படம் சரியா இல்லன்னா சின்ன முறிவு தப்பிடும். அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு மூட்டை உள்ள தள்ளி, மறுபடி எக்ஸ்ரே. நடு மூட்டு மேல்பக்கம் ஏறினதுதான் அதிகம், அது சுலபமா உட்கார்ந்துச்சுன்னா பக்கத்து விரலோட சேர்த்து 3லேருந்து 6 வாரம் டேப் கட்டுவாங்க. உள்ளங்கை பக்கம் விலகினா கதை வேற, மேல இருக்கிற தசைநாரு அறுந்திருக்கலாம், நடு மூட்டை நீட்டியே 6 வாரம் வைக்கணும், இல்லன்னா அது மடங்கினபடியே நின்னுடும்.

இதுல மோசமானது விரல் அடிமூட்டு. உள்ளங்கையில குழி விழுந்திருந்தா ஜவ்வு நடுவுல சிக்கியிருக்கும், இழுக்க இழுக்க இன்னும் இறுகும், ஆபரேஷன்தான்.

கட்டு போட்டுட்டு வாரக்கணக்கா சும்மா வச்சா விறைச்சிடும், டாக்டர் சொன்ன நாளிலேருந்து வெதுவெதுப்பான தண்ணியில மடக்கி நீட்டுங்க. அந்தத் தம்பி இப்ப கொழுந்து பறிக்கப் போறான், மூட்டு மட்டும் இன்னும் தடிப்பாதான் இருக்கு, பல மாசம் அப்படி இருக்கும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு.