பாதம் எங்கே முடிகிறது: போடியாட்ரிஸ்ட் தொழில் வரம்பைச் சட்டமாக எழுதுவது எப்படி

அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலத்தில், "போடியாட்ரிஸ்ட் (பாதநல மருத்துவர்) எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒரு பிரிவு எழுதித் தாருங்கள்" என்று உங்களிடம் கேட்டால், பாதத்திலிருந்து தொடங்காதீர்கள். கணுக்காலிலிருந்து தொடங்குங்கள். கட்டைவிரல் நகத்துக்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை. சண்டை முழுக்கக் கணுக்காலில்தான் நடக்கிறது: ஒரு பக்கம் பாதநல மருத்துவர்கள், மறுபக்கம் எலும்பு அறுவை மருத்துவர்கள்.

நான் சட்ட வரைவு எழுதிப் பிழைத்தவள். மருத்துவத் தொழில்களின் உரிமச் சட்டங்கள்தான் பெரும்பாலும் என் மேஜைக்கு வரும். என் அப்பா தென்காசியில் பத்திர எழுத்தர். நிலத்தில் கிணறு இருக்கிறதா, தென்னை எத்தனை என்பதெல்லாம் அவருக்கு அப்புறம், முதலில் நான்கெல்லை. தொழில் வரம்பையும் அதே மாதிரிதான் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

எல்லையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸைப் பார்த்தால் போதும். அங்கே தொழிற்சட்டத்தின் 202.001 பிரிவு, மனிதப் பாதத்தில் வரும் நோய், காயம், ஊனம் எதற்கும் "எந்த முறையிலும்" சிகிச்சை தருவதுதான் போடியாட்ரி என்கிறது. முறைக்கு வரம்பே இல்லை, தாராளம். ஆனால் பாதம் என்றால் எது வரை? சட்டம் வாய் திறக்கவில்லை. சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று 2001-இல் மாநிலத்தின் உரிமம் வழங்கும் போடியாட்ரி வாரியம் ஒரு விதி போட்டது. டிபியா, ஃபிபுலா ஆகிய கீழ்க்கால் எலும்புகள் டாலஸ் என்னும் கணுக்கால் எலும்போடு கூடும் இடத்திலிருந்து விரல் நுனி வரையுள்ள எலும்புகள், அங்கே வந்து சேரும் தசை, நரம்பு, இரத்தக்குழாய், தசைநாண் எல்லாமே பாதம் என்றது அந்த விதி. அதாவது கணுக்கால் மூட்டும் உள்ளே வந்துவிட்டது.

டெக்சாஸ் எலும்பு மருத்துவர் சங்கமும் டெக்சாஸ் மருத்துவச் சங்கமும் வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றத்தில் வாரியம் ஜெயித்தது. 2008-இல் ஆஸ்டினில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. சட்டமன்றம் பாதம் என்றுதான் சொல்லியிருக்கிறது, பாதத்தைத் தாண்டிய உறுப்புகளை விதியின் வழியாக உள்ளே இழுக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 2010-இல் மாநில உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஒரு வரியைச் சட்டத்தில் எழுதாமல் விதியில் எழுதியதற்கு ஒன்பது வருடம் போனது. எனவே முதல் வேலை: எல்லையைச் சட்டப் பிரிவுக்குள்ளேயே எழுதுங்கள். "வாரியம் வகுக்கும் விதிகளின்படி" என்று தள்ளிவிடுவது படிவம், கட்டணம், தேர்வுத் தேதிக்கெல்லாம் சரி. உடம்பின் எல்லைக்குச் சரிப்படாது.

அடுத்தது, ஒரே ஒரு எல்லை போதும் என்று நினைக்காதீர்கள். எலும்புக்கு ஒன்று, மென்திசுவுக்கு ஒன்று, கத்தி வைப்பதற்கு ஒன்று, கத்தி இல்லாத சிகிச்சைக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். இதைக் கலிபோர்னியா அழகாகச் செய்திருக்கிறது. அங்கே 2472-ஆம் பிரிவின்படி பாதம், கணுக்கால், பாதத்தில் வந்து இணையும் தசைநாண்கள் இவற்றுக்கு எல்லாச் சிகிச்சையும் உண்டு. பாதத்தின் இயக்கத்தை ஆளும் கீழ்க்கால் தசைகளுக்கும் தசைநாண்களுக்கும் அறுவை இல்லாத சிகிச்சை மட்டும். கெண்டைக்கால் இறுகிப் போய் அதனால் குதிகால் வலிக்கிற நோயாளிக்கு நீட்சிப் பயிற்சி கொடுக்கலாம்; கெண்டைக்காலைக் கிழிக்க முடியாது. பாதத்தின் ஒரு பகுதியை வெட்டி நீக்கவும் அனுமதி உண்டு, ஆனால் குதிகாலுக்கு முன்னால் பாதத்தின் நடுவே உள்ள ஷோபார் மூட்டுக்கு மேலே போகக்கூடாது. இப்படிப் பெயர் உள்ள ஒரு மூட்டைக் காட்டி நிறுத்துவதுதான் நல்ல வரைவு. "நியாயமான அளவுக்கு" என்று எழுதினால் எது நியாயம் என்று சொல்ல அப்புறம் ஒரு நீதிபதி வேண்டும்.

நியூயார்க்கின் பழைய சட்டம் நேர் எதிர். பாதம் தவிர வேறு எந்த உறுப்புக்கும் சிகிச்சை கூடாது, கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்பு மொளிகளின் முறிவைத் தொடக்கூடாது, அவற்றின் மேல் கத்தி வைக்கக்கூடாது என்று விலக்குகளாக எழுதியிருந்தார்கள். கறாரான வரைவு, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சி மாறிவிட்டது. இன்றைக்கு ஒரு போடியாட்ரிஸ்ட் நான்கு வருடக் கல்லூரிப் படிப்புக்கு மேல் மூன்று வருடம் மருத்துவமனையில் அறுவைப் பயிற்சி எடுக்கிறார். 2012-இல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். கணுக்காலும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் டிபியா மேட்டுக்குக் கீழுள்ள மென்திசுவும் உள்ளே வந்தன. ஆனால் தனி அனுமதி பெற்றவருக்கு மட்டும். அந்த அனுமதியிலும் சாதாரணம், உயர்நிலை என்று இரண்டு படி. கணுக்காலின் எலும்பு எல்லை, டிபியா கீழே வந்து அகலத் தொடங்கும் இடம்.

உங்கள் வரைவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் படிகளைத்தான். உரிமம் பெற்ற எல்லோருக்கும் ஒரே வரம்பு என்று எழுதினால் இரண்டு வழிதான்: பழைய பயிற்சி மட்டும் பெற்றவருக்கும் கணுக்காலைத் திறந்துவிட வேண்டும், அல்லது புதிதாகப் பயின்றவரையும் கட்டிப்போட வேண்டும். அடிப்படை உரிமத்துக்கு ஒரு வரம்பு எழுதி, கூடுதல் சான்றுக்கு ஒரு வரம்பைச் சேருங்கள். அந்தச் சான்றுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் என் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கால் வந்து உட்காரும். இரு தரப்பையும் கூப்பிட்டு ஆளுக்கொரு வண்ண நாடா கொடுத்து, "உங்கள் கோடு எங்கே என்று ஒட்டுங்கள்" என்பேன். தாளில் ஒரு மணி நேரம் வாதாடுகிறவர்கள் எலும்பில் ஒட்டும்போது ஓரங்குல வித்தியாசத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த ஓரங்குலத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

எல்லை முடிந்ததும் வினைச்சொற்கள். நோயறிதல், சிகிச்சை, அறுவை, மருந்துச்சீட்டு: நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். "சிகிச்சை" என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கும் என்று நம்ப வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோவில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே ஆபத்தான செயல்களை முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொரு தொழிலுக்கும் அதில் எது உண்டு என்று பிரித்துக் கொடுப்பார்கள். 1991-ஆம் ஆண்டுக் கைரோபடிச் சட்டப்படி கைரோபடிஸ்ட் (இவரும் பாதநலம் பார்ப்பவர்தான்) பாதத்தின் தோலடித் திசுவை வெட்டலாம்; எலும்பைத் தொடக்கூடாது. போடியாட்ரிஸ்ட் பாதத்தின் முன்பகுதி எலும்பையும் வெட்டலாம், நோயாளியிடம் "உங்களுக்கு இன்ன நோய்" என்று சொல்லவும் செய்யலாம். நோயின் பெயரைச் சொல்வதுகூட அங்கே அனுமதி தேவைப்படும் ஒரு செயல். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் காலாணிக்காகப் போகும் நம் ஆட்கள், "பார்த்தவர் என்ன நோய் என்று சொல்லவே இல்லையே" என்று குறைப்பட்டால், காரணம் அந்தப் பிரிவாகவும் இருக்கலாம்.

மயக்க மருந்து, இடம் இரண்டையும் மறக்க வேண்டாம். கலிபோர்னியாவில் போடியாட்ரிஸ்ட் மரத்துப்போகும் ஊசி மட்டும் போடலாம். அதற்கு மேல் என்றால் அதற்கு உரிமை உள்ள வேறொருவர் தர வேண்டும். கணுக்கால் அறுவையையும் மருத்துவமனை, அங்கீகாரம் பெற்ற அறுவை மையம் போன்ற இடங்களில்தான் செய்யலாம் என்று பிரிவே சொல்கிறது. எதிர்த்தரப்பின் பயத்தில் பாதி இந்த இரண்டு வரியில் அடங்கிவிடும்.

பெயர்ப் பாதுகாப்பு வேறு, செயல் பாதுகாப்பு வேறு. பிரிட்டனில் கைரோபடிஸ்ட், போடியாட்ரிஸ்ட் என்ற பெயர்களைப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆணியைச் செதுக்குவதும் நகம் வெட்டுவதும் பூட்டப்படவில்லை. "ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்" என்று பலகை மாட்டிக்கொண்டு யாரும் செய்யலாம். உங்களுக்கு எது வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுங்கள். செயலைப் பூட்டுவதென்றால் யாருக்கெல்லாம் விலக்கு என்றும் எழுதியாக வேண்டும்: மற்ற மருத்துவர்கள், செவிலியர்கள், செருப்புக்கடையில் பாத வளைவுத் தாங்கி விற்பவர், பாட்டிக்கு நகம் வெட்டிவிடும் பேத்தி. இல்லாவிட்டால் பேத்தியும் குற்றவாளிதான்.

பணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கூட்டரசின் மெடிகேர் என்னும் முதியோர் காப்பீட்டுச் சட்டம் போடியாட்ரிஸ்டை மருத்துவர் என்று ஏற்கிறது, ஆனால் அந்தந்த மாநிலம் அவருக்கு அனுமதித்த வேலைகளுக்கு மட்டும். நீங்கள் எழுதும் ஒரு வரி முதியவர்களின் காப்பீட்டுப் பணம் வருமா வராதா என்பதையும் தீர்மானிக்கிறது. வரம்புக்குள் இருப்பதாலேயே பணம் வந்துவிடும் என்றும் இல்லை. சாதாரண நகவெட்டு, ஆணி நீக்கம் போன்றவற்றை மெடிகேர் பொதுவாக ஏற்பதில்லை. நீரிழிவு போன்ற நோய் இருந்து நிபந்தனைகள் பொருந்தினால்தான் கொடுக்கும்.

வரைவு முடிந்ததும் சில கற்பனை நோயாளிகளை அதன் வழியே நடக்க விடுங்கள். பாதத்தில் தொடங்கிக் கணுக்காலைத் தாண்டி மேலேறிய நீரிழிவுப் புண். அறுந்துபோன குதிகால் நாண்: அது சேர்வது பாதத்தில், தொடங்குவது கெண்டைக்காலில். உடைந்த கணுக்கால் மொளி. அழுகிய இரண்டு விரல்கள். கெண்டைக்காலில் சந்தேகப்படும்படி ஒரு மச்சம். ஒவ்வொருவருக்கும் "செய்யலாம்", "கூடாது", "மற்றவருக்கு அனுப்ப வேண்டும்" என்ற மூன்றில் ஒன்றை உங்கள் பிரிவு தெளிவாகச் சொல்ல வேண்டும். நீரிழிவுப் புண்ணில்தான் பெரும்பாலான வரைவுகள் தடுமாறும். ஒரே புண்ணுக்கு நடுவில் கோடு கிழித்து இரண்டு மருத்துவரிடம் அனுப்புவது நோயாளிக்குக் கொடுமை. பாதப் புண்ணோடு தொடர்ச்சியாக உள்ள பகுதிக்கு ஒரு தனி வாக்கியம் எழுதிவிடுங்கள்.

கடைசியாக நடைமுறைத் தேதி. கையெழுத்தான மறுநாளே அமலுக்கு வரும் என்று எழுதினால், சான்று கொடுக்க வாரியத்திடம் படிவம்கூட இருக்காது. நியூயார்க் திருத்தம் 2012-இல் கையெழுத்தானது, 2014 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. அவ்வளவு காலமாவது கொடுங்கள்.