ஏரிக்குள் சாக்கடை வந்த வழியைப் பிடித்த கதை

தாம்பரம் பக்கம் எங்கள் ஏரியில் மூன்று ஞாயிறு இறங்கி ஆகாயத்தாமரையை வாரினோம், இரண்டே மாதத்தில் மறுபடி கரையோடு கரை பச்சை. அப்புறம்தான் உறைத்தது, சாக்கடையில் இருக்கும் சத்தைத் தின்றுதான் அது அப்படிக் கொழிக்கிறது, வரும் வழியை அடைக்காமல் வாரி என்ன பயன்?

வெயில் காலத்தில் ஒரு காலை வரத்துக் கால்வாயை ஒட்டி நடந்தோம். மழையே இல்லாதபோது மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை, அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் நேராக அதில் இறங்கியிருந்தது. போட்டோ எடுத்து, ஏரியின் சர்வே எண்ணுக்கு அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) வாங்கி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்த இணைப்புக்கு அனுமதி உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், எங்களுக்கு வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகுதான் ‘அனுமதி வழங்கப்படவில்லை’ என்று ஒரு வரி வந்தது. அது போதுமே! தெருவே கையெழுத்துப் போட்ட மனுவோடு அதையும் இணைத்து கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம், குழாயை அடைத்தார்கள்.

இப்போது மறுபடி வாருகிறோம். மதகுப் பக்கம்தான் பாக்கி, அங்கே சேறு இடுப்பளவு.